பெயர் கூப்பிட்டால் வீட்டுக்குப் போகத் தேவையில்லை

1

எங்கள் பள்ளிக்கூடத்தின் ஆண்டு மலருக்கு வெளிநாட்டு வாழ்க்கையைப் பற்றி ஏதாவது எழுதித் தரும்படி மன்னாரிலிருந்து என் வகுப்புத் தோழி லில்லி கேட்டிருந்தாள். பனி கொட்டுவதைப் பற்றி எழுதினால் பிள்ளைகள் விரும்பிப் படிப்பார்கள் என்றும் சொன்னாள். நான் இருக்கும் நியூசிலாந்தின் ஒக்லாந்தில் பனி கொட்டுவதில்லை. ஒரே காலைக்குள் மழை பெய்து, வெயில் எறித்து, திரும்பவும் மழை பெய்யும். அவ்வளவுதான். இங்கே வந்து பதினேழு வருடமாகிறது. வீட்டுக்கு மோர்ட்கேஜ் கட்டுகிறேன், வேலைக்குப் போகிறேன், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறேன். இதில் எதை எடுத்து எழுதுவது என்று ஒரு கிழமையாக யோசித்தேன்.

பள்ளிக்கூட மலர் என்பதால் பள்ளிக்கூடத்தைப் பற்றியே எழுதலாம் என்று கடைசியில் தோன்றியது. என் பள்ளிக்கூடத்தை அல்ல, என்னோடு வேலை செய்யும் ரோஸ்லினின் மகள் ஃபபியோலாவின் பள்ளிக்கூடத்தை. எழுதட்டுமா என்று ரோஸ்லினிடம் கேட்டேன். எந்த மொழியில் என்று கேட்டாள். தமிழில் என்றேன். தன் ஊரில் ஒருவருக்கும் அது வாசிக்கத் தெரியாது, ஆகவே உள்ளதை உள்ளபடியே எழுது என்றாள்.

நானும் அவளும் பேசிக்கொள்வது ஆங்கிலத்தில். இருவருக்கும் அது ஓட்டை ஆங்கிலம். அவள் சொன்னவற்றை இங்கே என் தமிழில் எழுதுகிறேன். உண்மையைச் சொன்னால், அவள் பேசும்போது என் காதில் அது தமிழாகத்தான் விழுகிறது.

2

மங்கரேயில், விமான நிலையத்துக்குப் பக்கத்தில், விமானங்களுக்குச் சாப்பாடு கட்டி அனுப்பும் பெரிய சமையற்கூடம் ஒன்றில் எனக்கு வேலை. தலைக்கு வலை, கைக்கு உறை, காலுக்குச் சப்பாத்து மூடி எல்லாம் போட்டுக்கொண்டு நீண்ட மேசைக்கு இரண்டு பக்கமும் நின்று தட்டுகளை நிரப்புவோம். எனக்கு எதிரே நிற்பவள் ரோஸ்லின். நெடிய பெண். குரல் பெரியது. மேற்பார்வையாளர் பகிடி விட்டால் எல்லாரும் சிரித்து முடித்த பிறகு, அது ஏன் பகிடி என்று அவரிடமே விளக்கம் கேட்பாள்.

அவள் ஹெய்ட்டி நாட்டுக்காரி. கியூபாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தீவின் மேற்குப் பக்கம் அந்த நாடு என்பது அவள் வரும்வரை எனக்குத் தெரியாது. பிழைப்புக்காக பஹாமாஸ் தீவுக்குப் போய் ஹோட்டல் அறைகள் துப்புரவாக்கும் வேலை செய்திருக்கிறாள். அங்கேதான் கிரெக்கைச் சந்தித்தாள். அவன் கப்பல் எஞ்சின் திருத்துகிற நியூசிலாந்துக்காரன். கலியாணம் முடித்து இங்கே வந்துவிட்டாள். கிரெக் இப்போது மீன்பிடிக் கப்பலில் வேலை செய்கிறான். போனால் வாரக்கணக்கில் கடல்தான்.

ஒருநாள் இடைவேளையில் தேநீர் குடித்தபடி பள்ளிக்கூடக் காலத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. அவள் ஊரில் அரசாங்கப் பள்ளிக்கூடமே இல்லையாம். ஒரு போதகர் நடத்திய ஒற்றை அறைப் பள்ளிக்கூடம்தான். அதற்குக் கட்டணம், சீருடை, சப்பாத்து எல்லாம் வேண்டும். அவர்கள் நாட்டில் பெரும்பாலான பள்ளிக்கூடங்கள் அப்படித்தான் என்றாள். வீட்டில் ஐந்து பிள்ளைகள். எல்லாரையும் ஒன்றாக அனுப்ப வழியில்லாததால் முறை வைத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வருடம் அண்ணன் போவான், அடுத்த வருடம் அவன் தோட்டத்தில் நிற்க இவள் போவாள். வீட்டில் பேசுவது கிரெயோல், பாடம் நடப்பது பிரெஞ்சில். ஒரு பக்கத்தை முழுதாகப் பாடமாக்கி ஒப்புவிப்பாளாம், அதில் ஒரு வசனத்துக்கும் பொருள் தெரியாமல். மூன்றாம் வகுப்போடு அதுவும் நின்றுபோனது.

நான் என் கதையைச் சொன்னேன். அப்பா கடற்றொழில். சண்டை தொடங்கியதும் கரையை விட்டு இடம்பெயர்ந்து மடுப் பக்கத்தில் முகாமில் இருந்தோம். தறப்பாள் கூடாரத்தின் கீழே வகுப்பு நடந்தது. குண்டுச் சத்தம் கிட்டக் கேட்டால் பதுங்குகுழிக்குள் போய், சத்தம் ஓய்ந்ததும் ஏறிவந்து விட்ட இடத்திலிருந்து படித்தோம். புத்தகம் அரசாங்கம் தந்தது. சீருடைத் துணியும் தந்தது. ஒரே புத்தகத்தை மூன்று பேர் பார்த்த காலமும் உண்டு.

ரோஸ்லின் தேநீரைக் கீழே வைத்துவிட்டாள்.

“உங்களிட்ட ஒருத்தரும் காசு கேக்கேல்லையா?”

“இல்லை.”

“சண்டைக்குள்ளயுமா?”

“ஓம். சண்டைக்குள்ளயும்.”

“அப்ப உங்கட நாடு பணக்கார நாடு” என்றாள்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது சிரிப்பு வரவில்லை. எங்கள் வீட்டில் உலை வைக்காத நாட்கள் இருந்தன. ஆனால் காசில்லை என்பதற்காக என்னை வாசலில் வைத்துத் திருப்பி அனுப்பிய பள்ளிக்கூடம் ஒன்றுகூட இருந்ததில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்று நான் அன்றுவரை நினைத்துப் பார்த்ததே கிடையாது.

3

ஃபபியோலா, ரோஸ்லினின் முதல் தொடர்பில் பிறந்த பிள்ளை. பஹாமாஸுக்குப் போகும்போது நான்கு வயது மகளைப் பட்டணத்தில் உள்ள ஒன்றுவிட்ட அக்காவின் வீட்டில் விட்டுவிட்டுப் போனாள். பட்டணத்தில் இருந்தால் பிள்ளை படிக்கும் என்பதுதான் நம்பிக்கை.

ஏழைக் குடும்பங்கள் பிள்ளையைப் பட்டணத்து வீடுகளுக்கு அனுப்புவது அங்கே வழக்கமாம். சாப்பாடு போட்டுப் பள்ளிக்கூடம் அனுப்புவோம் என்று சொல்லி வாங்கிக்கொள்வார்கள். சொன்னபடி செய்கிற வீடுகளும் உண்டு. பல வீடுகளில் அந்தப் பிள்ளை தண்ணீர் சுமக்கும், முற்றம் கூட்டும், வீட்டுப் பிள்ளைகளின் சீருடையைத் தோய்த்துக் காயவைத்து அவர்களைப் பள்ளிக்கூடம் அனுப்பிவிட்டுத் தான் வீட்டில் நிற்கும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அவர்கள் மொழியில் ஒரு சொல் இருக்கிறது. ‘கூட இருக்கிறவள்’ என்று அர்த்தமாம். ரோஸ்லின் அந்தச் சொல்லை என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னாள்.

அக்கா கெட்டவள் இல்லை என்றும் சொல்வாள். இவள் அனுப்புகிற காசு பிந்தினால் அக்கா முதலில் தன் பிள்ளைகளின் கட்டணத்தைத்தான் கட்டுவாள், வேறு யார்தான் என்ன செய்வார்கள் என்பாள். பிறகு பட்டணத் தெருக்களைத் துவக்கு ஏந்திய கும்பல்கள் பிடித்துக்கொண்டன. மாதக்கணக்கில் பள்ளிக்கூடங்கள் பூட்டிக் கிடந்தன. ஃபபியோலா படித்ததெல்லாம் துண்டு துண்டாகத்தான்.

மகளை இங்கே எடுப்பதற்கு விசா வேலை நெடுங்காலம் இழுத்தது. பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்தது. கடவுச்சீட்டில் அந்த எழுத்து இருந்தது. அந்த ஓர் எழுத்துக்காகப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுத வேண்டியிருந்தது. பெயர் விவகாரத்தில் நானும் பழம் தின்று கொட்டை போட்டவள். என் அப்பாவின் பெயர் எனக்குக் குடும்பப் பெயர், கணவரின் அப்பா பெயர் அவருக்கு, கணவரின் பெயர் எங்கள் மகள் ஷரோனுக்கு. மூன்று பேரும் ஒன்றாகப் பயணம் போனால் நீங்கள் ஒரு குடும்பமா என்று கேட்காத அதிகாரி இல்லை. ஆகவே ஞாயிறு பூசை முடிந்ததும் ரோஸ்லினோடு உட்கார்ந்து எழுதிக் கொடுத்தேன். பிறகு தாயும் மகளும்தானா என்று பார்க்க இருவரின் எச்சிலையும் பரிசோதனைக்குக் கேட்டார்கள். பெற்றவளுக்கு இதுவும் ஒரு பரீட்சையா என்று ரோஸ்லின் இரண்டு நாள் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் போய்க் கொடுத்துவிட்டு வந்தாள்.

போன வருடம் பிள்ளை வந்து சேர்ந்தாள். நானும் விமான நிலையத்துக்குப் போயிருந்தேன். பதினொரு வயதுக்கு மெலிந்த, பெரிய கண்களுள்ள பிள்ளை. தாய் கைகளை விரித்துக்கொண்டு ஓடினாள். பிள்ளை நின்று, கழுத்தை நீட்டி, தாயின் கன்னத்தில் மரியாதைக்குக் கொடுக்கும் ஒரு முத்தத்தைக் கொடுத்தாள். அவர்கள் ஊரில் முன்பின் தெரியாத பெரியவர்களுக்குப் பிள்ளைகள் கொடுக்கும் முத்தம் அது என்று ரோஸ்லின் பிறகு சொன்னாள்.

4

வீட்டுக்குக் கிட்டவே உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனோம். துணை அதிபர் ஒரு சமோவாப் பெண்மணி. ரோஸ்லினுக்குப் பக்கத்தில் ஃபபியோலா முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தாள். ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாததால் தாயின் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டணம் எவ்வளவு என்று ரோஸ்லின் கேட்டாள். கட்டணம் இல்லை, விரும்பினால் ஓர் அன்பளிப்பு தரலாம் என்றார் துணை அதிபர். அன்பளிப்பு எவ்வளவு தர வேண்டும் என்று கேட்டாள். தர வேண்டியதில்லை, விரும்பினால் என்றார். தராவிட்டால் என்ன நடக்கும் என்று கேட்டாள். ஒன்றும் நடக்காது என்றார். ரோஸ்லினின் நெற்றி சுருங்கியது. அவருடைய அறையை விட்டு வந்த பிறகு காரில் வைத்து என்னிடம் திரும்பவும் கேட்டாள். எதுவும் வாங்காமல் ஒருவன் எதையாவது தருவான் என்று நம்புவதற்கு அவளுக்கு அதுவரை வாழ்க்கை சொல்லிக்கொடுத்திருக்கவில்லை. பின்னாலிருந்த பிள்ளை எங்கள் குரல்களைக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

மதியச் சாப்பாடும் பள்ளிக்கூடமே தருகிறது என்று தெரிந்தபோது அந்தச் சந்தேகம் இன்னும் கூடியது. ஆனால் ரோஸ்லினை உண்மையில் திடுக்கிட வைத்தது வேறு. இந்த ஊர்ப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் வெறுங்காலோடு ஓடித் திரிவார்கள். வசதி உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்று வித்தியாசமில்லை. சப்பாத்து இல்லாததால் ஒரு வருடம் முழுக்க வீட்டில் நின்றவள் ரோஸ்லின். மைதானத்தைப் பார்த்துவிட்டு, இவர்களுக்குப் பைத்தியமா என்று கேட்டாள். ஃபபியோலா மட்டும் மினுக்கிய கறுப்புச் சப்பாத்தும், வெள்ளைக் காலுறையும், பின்னலுக்குச் சீருடை நிறத்தில் ரிப்பனுமாகப் போனாள்.

தாய்க்கு விடியற்காலை ஷிஃப்ட் என்றால் பிள்ளை தானே எழும்பி, உடுத்து, இரண்டு தெரு தள்ளி உள்ள பள்ளிக்கூடத்துக்கு நடந்து போவாள். அவசரத்துக்கு அழைக்கத் தாயின் எண்ணுக்கு அடுத்ததாக என் எண்ணைக் கொடுத்திருந்தோம்.

5

பள்ளிக்கூடம் போகத் தொடங்கி ஒரு மாதமிருக்கும். வேலை நேரத்தில் எங்கள் ஃபோன்களெல்லாம் அலுமாரியில் பூட்டிக் கிடக்கும். மேற்பார்வையாளர் வந்து, பள்ளிக்கூடத்திலிருந்து சமையற்கூட அலுவலகத்துக்கே கூப்பிட்டிருக்கிறார்கள் என்றார். ஃபபியோலா காலையில் வகுப்புக்கு வந்திருக்கிறாள். இடையில் காணவில்லை. பையையும் காணவில்லை. ஆசிரியர்கள் தேடுகிறார்களாம்.

குளிர் அறைக்குள் நின்ற ரோஸ்லினை நான்தான் போய்க் கூட்டிவந்தேன். தலை வலையைக்கூடக் கழற்றாமல் காரில் ஏறினாள். அலுமாரியிலிருந்து எடுத்துவந்த ஃபோனை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தாள். பிள்ளை எங்கேயாவது பக்கத்தில்தான் இருப்பாள் என்று நான் சொல்லிக்கொண்டே ஓட்டினேன்.

“எங்கட ஊரில பிள்ளையைக் காணேல்லையெண்டா, அடுத்ததா ஃபோன் வரும். காசு கேப்பாங்கள்” என்றாள்.

இது அந்த ஊர் இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பிள்ளையைக் காணாத வீடுகளை நானும் கண்டு வளர்ந்தவள்.

அவர்களுடைய வீட்டுக்குப் போனோம். பூட்டியபடி இருந்தது. பின்வளவில் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் இல்லை. பள்ளிக்கூடத்தை நோக்கித் திரும்பும்போது ஃபோன் அடித்தது. ரோஸ்லின் அதைப் பார்த்தாள். எடுக்கக் கை வரவில்லை. நான் காரை ஓரங்கட்டி, அவள் கையிலிருந்து வாங்கிக் காதில் வைத்தேன்.

துணை அதிபர்தான். பிள்ளை இருக்கிறாள், நன்றாக இருக்கிறாள் என்றார். பெரிய தெருவில் உள்ள டெயரியில், அதாவது மூலைக் கடையில், நிற்கிறாள். கடைக்காரர் சீருடையை அடையாளம் கண்டு பள்ளிக்கூடத்துக்கு அறிவித்திருக்கிறார். நான் அதைச் சொன்னதும் ரோஸ்லின் முகத்தைப் பொத்திக்கொண்டாள். நெஞ்சிலிருந்து ஒரு நீண்ட மூச்சு வந்தது. நான் காரைக் கடைப் பக்கம் திருப்பினேன்.

கடைக்கு முன்னால் போய் நின்றபோது ஃபபியோலா விளக்குமாற்றால் வாசலைக் கூட்டிக்கொண்டிருந்தாள். ரிப்பன் அப்படியே இருந்தது. பள்ளிக்கூடப் பையைச் சுவரோரமாக நிமிர்த்தி வைத்திருந்தாள்.

கடைக்காரர் வயதான குஜராத்திக்காரர். பிள்ளை வந்து மூலையில் கிடந்த விளக்குமாற்றைக் காட்டி, ‘நான், வேலை’ என்று இரண்டு சொல் சொன்னாளாம். பள்ளிக்கூடத்துக்குப் போ என்று அவர் கைகாட்டியிருக்கிறார். மாட்டேன் என்று தலையாட்டிவிட்டுக் கூட்டத் தொடங்கியிருக்கிறாள். தடுத்தால் வேறெங்காவது ஓடிவிடுவாள், கூட்டட்டும் என்று விட்டுவிட்டு உள்ளே போய் ஃபோன் எடுத்தேன் என்றார். அந்த மனிதரின் புத்திக்கு நான் இன்றைக்கும் நன்றி சொல்கிறேன்.

ரோஸ்லின் பால் கூடை ஒன்றைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, மகளை முழங்காலுக்கு இடையில் இழுத்து நிறுத்திக் கேட்டாள். இருவரும் கிரெயோலில் பேசினார்கள். பிள்ளை அழாமல், ஒப்புவிப்பதுபோலச் சொன்னாள். கேட்கக் கேட்க ரோஸ்லினின் முகம் மாறுவதை மட்டும் நான் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு என் பக்கம் திரும்பி அவள் சொன்னது இதுதான்.

“ஒலிபெருக்கியில இவளின்ர பேரைக் கூப்பிட்டு ஒஃபிசுக்கு வரச் சொன்னவையாம். கட்டணம் கட்டேல்லையெண்டு துரத்தப் போகினம் எண்டு நினைச்சிட்டாள். அவை துரத்த முதல் தானாவே வெளிக்கிட்டாளாம். உழைச்சுக் குடுத்திட்டுத் திரும்பப் போகலாமெண்டு நினைச்சாளாம்.”

அவர்கள் நாட்டில் அப்படித்தானாம். பரீட்சை நெருங்கும்போது தலைமை ஆசிரியர் வகுப்புக்குள் வந்து கட்டணம் கட்டாத பிள்ளைகளின் பெயர்களை எல்லாருக்கும் முன்னால் வாசிப்பார். பெயர் வந்தவர்கள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டும். ஃபபியோலாவுக்கு அது பல தடவை நடந்திருக்கிறது. ரோஸ்லினுக்கு ஒரு தடவை நடந்தது. அவளுடைய மூன்றாம் வகுப்பு அன்றோடு முடிந்தது.

பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப் போனோம். அலுவலகத்தில் துணை அதிபரோடு நியூ கலிடோனியாத் தீவைச் சேர்ந்த இளம் பெண் ஒருத்தி காத்திருந்தாள். பிரெஞ்சு தெரிந்த ஒருவரைப் பள்ளிக்கூடம் தேடிப் பிடித்து, பிள்ளைக்கு உதவியாக வாரத்தில் சில மணி நேரம் வரச் செய்திருக்கிறது. அவளைச் சந்திக்கத்தான் ஃபபியோலாவைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மேசையில் அவளுக்காக பிஸ்கட்டும் வைத்திருந்தார்கள்.

நடந்ததைத் துணை அதிபரிடம் நான் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு இறங்கி, பிள்ளைக்கு முன்னால் தரையில் உட்கார்ந்தார். பெரிய உடம்பு, அவருக்கு அது இலேசான காரியமில்லை.

“இந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து காசுக்காக உன்னை வீட்டுக்கு அனுப்ப ஒருவராலும் முடியாது. என்னாலும் முடியாது. அதைச் சொல்லுங்கள் இவளுக்கு” என்றார்.

ரோஸ்லின் சொன்னாள். ஃபபியோலா யோசித்துவிட்டு ஏதோ கேட்டாள். அம்மாவுக்கு வேலை இல்லாமல் போனால் என்று கேட்கிறாள் என்றாள் ரோஸ்லின். அப்போதும் முடியாது என்றார் அவர். பிள்ளை இன்னொன்று கேட்டாள். ரோஸ்லின் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு அதை மொழிபெயர்த்தாள்.

“அடுத்த வருஷம் என்ர முறையா, வேற ஆரின்ரையும் முறையா எண்டு கேக்கிறாள்.”

துணை அதிபருக்கு அது விளங்கவில்லை. முறை வைத்துப் படித்த வீட்டின் கதை தெரிந்த எனக்கு விளங்கியது. அடுத்த வருடமும் உன் முறைதான், எல்லா வருடமும் உன் முறைதான் என்று நானே ஃபபியோலாவிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கலந்து சொன்னேன். ரோஸ்லின் அதைச் சரியான மொழியில் சொன்னாள். அப்போதுதான் பிள்ளை ஒரு பிஸ்கட்டை எடுத்தாள்.

6

அதற்குப் பிறகு அவளை அழைக்க வேண்டுமென்றால் ஒலிபெருக்கியில் சொல்லாமல் வகுப்புத் தோழி ஒருத்தியை அனுப்பினார்கள். பிரெஞ்சு உதவி எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. ஃபபியோலாவுக்குப் பிரெஞ்சு என்றால் பாடமாக்கி ஒப்புவிப்பது மட்டும்தான். அந்த இளம் பெண் அதைச் சீக்கிரம் புரிந்துகொண்டு, பிரெஞ்சை விட்டுவிட்டுப் படம் உள்ள ஆங்கிலப் புத்தகங்களோடு இருந்தாள். ஒரு தவணை முடிவதற்குள் பிள்ளை சின்னச் சின்ன வசனங்களை வாசித்தாள். பாடமாக்கி அல்ல, எழுத்தைப் பார்த்து, பொருள் தெரிந்து. முதன்முதலாகக் கதை ஒன்றில் சிரிப்பு வரும் இடத்தில் அவள் தானாகச் சிரித்ததை ரோஸ்லின் என்னிடம் மூன்று தடவை சொன்னாள்.

தாய் கிரெயோலில் கேட்டால் இப்போது ஆங்கிலத்தில் பதில் சொல்லத் தொடங்கியிருக்கிறாள். ஒரு நாள் எங்கள் வீட்டுக்கு வந்தபோது என் காதாலேயே கேட்டேன். சாப்பிடுகிறாயா என்று தாய் கேட்க, ‘யெ, நா’, அதாவது வேண்டாம் என்றாள் இந்த ஊர்ப் பிள்ளைகளைப் போல. என் மகள் ஷரோனும் இப்படித்தான் மெல்ல மெல்லத் தமிழிலிருந்து இறங்கிப் போனாள். இன்றைக்கு நான் சொல்வதெல்லாம் அவளுக்கு விளங்கும், வாயில் மட்டும் வராது. கவனமாக இரு என்று ரோஸ்லினை எச்சரித்தேன். எங்கள் வீட்டில் நான் தமிழில் கேட்பேன், மகள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள் என்றேன்.

“பதில் சொல்லுறாள்தானே” என்றாள் ரோஸ்லின்.

ஏழு வருடம் மகளின் குரலை ஃபோனில் மட்டும் கேட்டவள் அவள்.

போன செவ்வாய்க்கிழமை எங்கள் இருவருக்கும் பிந்திய ஷிஃப்ட். உடை மாற்றும் அறைக்குள் வரும்போதே ரோஸ்லின் சிரித்துக்கொண்டு வந்தாள். ஒரு பக்கம் கண்ணைத் துடைத்தாள், மறுபக்கம் சிரித்தாள். என்ன என்று கேட்டேன். காலையில் எட்டு மணியாகியும் ஃபபியோலா போர்வைக்குள்ளிருந்து எழும்பவில்லையாம். காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்திருக்கிறாள். காய்ச்சல் இல்லை. வயிற்று வலியா என்றால் அதுவும் இல்லை. குளிராக இருக்கிறதாம், முதல் பாடம் கணக்காம், இன்றைக்கு ஒரு நாள் போகாவிட்டால் என்ன என்று கேட்டிருக்கிறாள்.

“ஜெசி, அவளுக்குப் பள்ளிக்கூடம் அலுக்குதாம்” என்று என்னிடம் சொன்னாள் ரோஸ்லின். தங்கள் குடும்பத்தில் அந்த வார்த்தையைச் சொன்ன முதல் பிள்ளை இவள்தான் என்றாள்.

“அனுப்பினியா?”

“அனுப்பாமலா? போர்வையை இழுத்துப் போட்டு, பேசிப்போட்டுத்தான் அனுப்பினனான்.”

எப்படி ஏசினாள் என்று கிரெயோலில் நடித்தும் காட்டினாள். பக்கத்தில் சப்பாத்து மாற்றிக்கொண்டிருந்த பெண்கள் மொழி தெரியாமலே சிரித்தார்கள். எந்த நாட்டுத் தாயும் அப்படித்தான் பேசுவாள். மணி அடித்தது. தலை வலையைப் போட்டுக்கொண்டு இருவரும் உள்ளே போய் மேசைக்கு எதிரெதிரே நின்றோம். தட்டுகள் வரத் தொடங்கின. ரோஸ்லின் இன்னும் மகளைப் பேசிக்கொண்டே இருந்தாள்.